பயில்வானுக்குப் பிள்ளை இல்லையே, ஏன்?

இப்படி ஒரு தம்பதியை நினைத்துப் பாருங்கள்.

கணவருக்கு வயது 29. அகன்ற மார்பு. உருண்டு திரண்ட தோள். முறுக்கிய மீசை. அவர் தெருவில் நடந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

கலியாணம் ஆகி 3 வருடம் ஆகிறது. பிள்ளை இல்லை.

"குறை அவளிடம்தான்" என்று மாமியார் சொல்லிவிட்டார். அக்கம்பக்கத்தாரும் சொல்லிவிட்டார்கள். மருமகள் கோவில் கோவிலாகப் போனாள். அரச மரத்தைச் சுற்றினாள். டாக்டர் டாக்டராகவும் போனாள். ரத்தம் எடுத்தார்கள். வயிற்றைப் படம் எடுத்தார்கள். அவளிடம் ஒரு குறையும் இல்லை.

"அப்படியானால் உங்கள் கணவரை அழைத்து வாருங்கள்" என்றார் ஒரு டாக்டர்.

கணவருக்குக் கோபம் வந்தது. "என்னைப் பார்த்தால் குறை உள்ளவன் மாதிரியா இருக்கிறது?" என்று கேட்டார். கடைசியில் அரை மனதோடு வந்தார். அவருடைய விந்துவைச் சோதித்தார்கள்.

அதில் ஓர் உயிரணுகூட இல்லை!

டாக்டர் கேட்டார்: "ஊசி ஏதாவது போட்டுக்கொள்கிறீர்களா?"

"ஆமாம். ஜிம்மில் சொன்னார்கள். உடம்பு ஏறுவதற்காக வாரம் ஓர் ஊசி. ஆண் ஹார்மோன் ஊசிதான். அது ஆண்மைக்கு நல்லதுதானே?"

ஆண் ஹார்மோன் போட்டவருக்கு உயிரணு இல்லை. இது என்ன வேடிக்கை?

வேடிக்கை அல்ல. பிள்ளைப்பேறு இல்லாதவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்கள் இன்று அடிக்கடி காணும் காட்சி இது. ஏன் இப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

சேவல் கூவுவது ஏன்?

இதற்கு விடை தெரிய, 1849-ம் ஆண்டுக்குப் போக வேண்டும். இடம், ஜெர்மனியில் உள்ள கோட்டிங்கன் நகரம். அங்கே பெர்டோல்டு என்று ஒரு பேராசிரியர் இருந்தார். அவர் 6 இளம் சேவல்களை எடுத்துக்கொண்டு ஒரு பரிசோதனை செய்தார்.

காயடித்தால் என்ன ஆகும் என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். முட்டுகிற காளை, சாதுவான எருதாகிவிடும். சேவலும் அப்படித்தான். (சேவலுக்கு விரை வயிற்றுக்குள் இருக்கிறது.) விரையை எடுத்துவிட்டால் சேவல் கொழுக்கும். ஆனால் கூவாது. சண்டைக்குப் போகாது. கோழியைத் துரத்தாது. கொண்டை சுருங்கி வெளுத்துவிடும்.

பெர்டோல்டு என்ன செய்தார் தெரியுமா? சில சேவல்களின் விரையை எடுத்து அப்படியே விட்டுவிட்டார். வேறு சிலவற்றின் விரையை எடுத்து, அதை வயிற்றுக்குள் வேறோர் இடத்தில், குடல் பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டார். ஒன்றின் விரையை மற்றொன்றின் வயிற்றில் வைத்தார்.

விரை எடுக்கப்பட்ட சேவல்கள் ஊமையாகிவிட்டன. இடம் மாற்றி வைக்கப்பட்ட சேவல்களோ கூவின! சண்டை போட்டன! கொண்டையும் சிவப்பாகவே இருந்தது.

பெர்டோல்டு சேவலை அறுத்துப் பார்த்தார். பழைய நரம்பு அறுந்து போயிருந்தது. ஆனால் விரையைச் சுற்றிப் புது ரத்தக் குழாய்கள் வளர்ந்திருந்தன. "விரையிலிருந்து ஏதோ ஒன்று ரத்தத்தில் கலக்கிறது. அதுதான் சேவலைக் கூவச் செய்கிறது" என்று அவர் முடிவு கட்டினார்.

அந்த "ஏதோ ஒன்று"தான் ஹார்மோன். அந்தப் பெயர் வந்தது 1905-ம் ஆண்டில்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இடம் மாற்றி வைத்த விரையிலிருந்து விந்து வெளியே போகக் குழாய் கிடையாது. ஆகவே அந்தச் சேவல் கூவலாம், கொக்கரிக்கலாம். ஆனால் குஞ்சுக்குத் தகப்பன் ஆக முடியாது. கூவுவது வேறு, குஞ்சு பொரிக்க வைப்பது வேறு. பயில்வான் கதையும் இதுதான்.

நாய் விரைச் சாறு

நடுவில் ஒரு கிழவர் செய்த காரியத்தைச் சொல்லாமல் போக முடியாது.

பிரவுன் செக்கார் என்பவர் பாரீஸ் நகரில் பெரிய விஞ்ஞானி. 1889-ம் ஆண்டில் அவருக்கு வயது 72. நாயின் விரையையும் சீமைப் பெருச்சாளியின் விரையையும் இடித்துச் சாறு எடுத்தார். அதைத் தமக்குத் தாமே ஊசி போட்டுக்கொண்டார். விஞ்ஞானிகள் சபைக்குப் போய், "எனக்குப் பலம் வந்துவிட்டது. பல வருட வயது குறைந்துவிட்டது" என்று அறிவித்தார்.

உடனே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் அந்தச் சாற்றைத் தேடி ஓடினார்கள்.

உண்மையில் அந்தச் சாற்றில் பலன் தரும் அளவுக்கு ஹார்மோன் இருந்திருக்க முடியாது. ஆண் ஹார்மோன் தண்ணீரில் சரியாகக் கரையாது. கிழவருக்கு வந்த வாலிபம், நினைப்பில் வந்த வாலிபம்!

ஊசி போட்டால் வாலிபம் வரும் என்ற ஆசை அன்றே பிறந்துவிட்டது.

உண்மையான ஆண் ஹார்மோனை 1935-ம் ஆண்டில் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி லாக்கியூர் பிரித்து எடுத்தார். ஏறக்குறைய 100 கிலோ காளை விரையிலிருந்து அவருக்குக் கிடைத்தது 10 மில்லிகிராம். சில கடுகு மணிகளின் எடை! அதற்கு வைத்த பெயர் டெஸ்டோஸ்டிரோன். வாயில் நுழையாத பெயர். நாம் "ஆண் ஹார்மோன்" என்றே சொல்வோம்.

அதே ஆண்டில் பூட்டனாண்டு என்பவரும், ருசிக்கா என்பவரும் அதைத் தொழிற்கூடத்திலேயே செயற்கையாகச் செய்து காட்டினார்கள். இருவருக்கும் 1939-ம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. ஹிட்லர் ஆட்சி பூட்டனாண்டை அந்தப் பரிசை வாங்கவிடவில்லை. யுத்தம் முடிந்த பிறகு, 1949-ம் ஆண்டில்தான் அவர் அதைப் பெற்றுக்கொண்டார்.

செயற்கையாகச் செய்ய முடிந்தவுடன் ஊசி மலிந்துவிட்டது. இன்று அது உடற்பயிற்சிக் கூடம் வரை வந்துவிட்டது.

உயிரணு பிறக்கும் இடம்

உயிரணு எவ்வளவு பெரியது? 20 உயிரணுக்களைத் தலையும் வாலுமாக வரிசையில் நிறுத்தினால் 1 மில்லிமீட்டர் நீளம் வரும். அவ்வளவுதான். அதை 1677-ம் ஆண்டில், லேவன்ஹூக் என்ற ஹாலந்து நாட்டுத் துணி வியாபாரி, தாமே செய்த பூதக்கண்ணாடியில் பார்த்தார். அது நெளிந்து நீந்துவதைக் கண்டு எழுதி வைத்தார்.

விரைக்குள் நூல் போன்ற குழாய்கள் சுருண்டு கிடக்கின்றன. அவற்றின் சுவரில்தான் உயிரணு உண்டாகிறது. அங்கே இரண்டு வகை வேலையாட்கள் இருக்கிறார்கள்.

ஒரு வகை, ஆண் ஹார்மோனைச் சுரக்கும் அணுக்கள். அவை குழாய்களுக்கு இடையே இருக்கின்றன. 1850-ம் ஆண்டில் லைடிக் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார்.

இன்னொரு வகை, செவிலித்தாய் அணுக்கள். 1865-ம் ஆண்டில் செர்ட்டோலி என்ற இத்தாலியர் கண்டுபிடித்தார். அப்போது அவருக்கு வயது 23! பிள்ளையை இடுப்பில் வைத்து ஊட்டி வளர்க்கும் ஆயாவைப்போல, இந்த அணு, வளரும் உயிரணுவை அணைத்துப் பிடித்து உணவு கொடுக்கிறது. அது ஊட்டாவிட்டால் உயிரணு வளராது. பாதியிலேயே அழிந்துவிடும்.

ஓர் உயிரணு உண்டாகி முடிய சுமார் 74 நாள் ஆகிறது. பிறந்தவுடன் அதற்கு நீந்தத் தெரியாது. விரையின் மேலே சுருண்டு கிடக்கும் ஒரு குழாய்க்குள் போகிறது. அந்தக் குழாயை நீட்டினால் 20 அடி நீளம் வரும். அதைக் கடந்து வருவதற்குள்தான் நீந்தும் சக்தி வருகிறது. இதற்கும் சில நாட்கள் ஆகும். அந்தக் குழாயும் ஆண் ஹார்மோனை நம்பியே வேலை செய்கிறது.

ஆக மொத்தம் 3 மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று மருந்து சாப்பிட்டு, அடுத்த வாரம் "பலன் இல்லையே" என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை மறக்கக் கூடாது. போன மாசியில் வந்த கடும் காய்ச்சல்கூட, சித்திரையில் எடுக்கும் சோதனையில் தெரியும்.

தூறலும் தேங்கிய தண்ணீரும்

செவிலித்தாய் வேலை செய்ய ஆண் ஹார்மோன் வேண்டும். எவ்வளவு வேண்டும்?

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

ஆண் ஹார்மோன் ரத்தத்திலும் இருக்கிறது, விரைக்குள்ளும் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே அளவு அல்ல. ரத்தத்தில் இருப்பதைப்போல் 50 மடங்குக்கும் மேலான ஹார்மோன் விரைக்குள் இருக்கிறது.

மீசை முளைக்க, குரல் உடைய, சதை வளர, ரத்தத்தில் உள்ள அளவு போதும். உயிரணு வளர அது போதாது.

கம்பு, கேழ்வரகு தூறலிலும் வளர்ந்துவிடும். நெல் வளருமா? வயலில் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும் அல்லவா? உடம்பு முழுவதும் புஞ்சை என்றால், விரை ஒன்றுதான் நஞ்சை.

அந்தத் தேங்கிய தண்ணீரை வெளியிலிருந்து ஊற்ற முடியாது. விரையே சுரந்துகொள்ள வேண்டும். ஊசி மருந்து ரத்தத்துக்குத்தான் போகும். விரைக்குள் 50 மடங்கு ஏற அதனால் முடியாது.

"ஏறாவிட்டால் போகட்டும். இருப்பது இருக்குமே! அது ஏன் குறைகிறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

உத்தரவு தலையிலிருந்து வருகிறது

விரை தன் இஷ்டத்துக்குச் சுரப்பதில்லை. உத்தரவு வந்தால்தான் சுரக்கும். உத்தரவு போடுவது தலை.

மூளையின் அடியில், இரண்டு கண்ணுக்கும் பின்னால், ஒரு பட்டாணி அளவில் ஒரு சுரப்பி தொங்குகிறது. அதன் பெயர் பிட்யூட்டரி. அது இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் அனுப்புகிறது. ஒன்று, "ஆண் ஹார்மோனைச் சுர" என்று லைடிக் அணுவுக்குப் போகும் உத்தரவு. மற்றொன்று, "பிள்ளையைக் கவனி" என்று செவிலித்தாய்க்குப் போகும் உத்தரவு. பெண்களின் முட்டையை முற்றச் செய்வதும் இதே இரண்டு ஹார்மோன்கள்தான். ஆணுக்கும் பெண்ணுக்கும் எஜமானர் ஒருவரே!

பிட்யூட்டரிக்கு மேலே, மூளையில் இன்னொரு மேலதிகாரி இருக்கிறது. அங்கிருந்து வரும் ஹார்மோனைக் கண்டுபிடிக்க ஆண்டுக்கணக்கில் போட்டி நடந்தது. ஷாலி என்பவர் லட்சத்துக்கும் அதிகமான பன்றிகளின் மூளைத் துண்டுகளை அரைத்துப் பார்த்தார். கில்லமன் என்பவர் ஆடுகளின் மூளையை அரைத்துப் பார்த்தார். இருவரும் அமெரிக்காவில் வேலை செய்தவர்கள். ஒருவரை ஒருவர் முந்தப் பார்த்தவர்கள். 1971-ம் ஆண்டில் அதன் அமைப்பு தெரிந்தது. 1977-ம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தபோது, போட்டியாளர்கள் இருவரும் ஒரே மேடையில் நிற்க வேண்டியதாயிற்று!

சரி. தலை எப்போது உத்தரவு போடும், எப்போது நிறுத்தும்?

வீட்டில் அரிசிப் பானை இருக்கிறது. பானை காலியானால், வீட்டுக்காரி நெல்லை எடுத்து மில்லுக்கு அனுப்புவாள். பானை நிறைந்திருந்தால் அனுப்ப மாட்டாள். பானையைப் பார்த்துப் பார்த்துத்தான் மில் ஓடும்.

தலையும் அப்படியே. ரத்தத்தில் ஆண் ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. குறைந்தால் உத்தரவு போடும். நிறைந்தால் நிறுத்தும்.

இப்போது பயில்வான் ஊசி போட்டுக்கொள்கிறார். யாரோ ஒருவர் கடை அரிசியை மூட்டை மூட்டையாக வாங்கி வந்து பானையில் கொட்டிவிட்டார். வீட்டுக்காரி என்ன செய்வாள்? "பானை வழிகிறது. மில்லுக்கு அனுப்ப வேண்டாம்" என்று இருந்துவிடுவாள்.

தலை உத்தரவை நிறுத்திவிடுகிறது. லைடிக் அணு சுரப்பதை நிறுத்துகிறது. விரைக்குள் தேங்கி இருந்த ஹார்மோன் வற்றிவிடுகிறது. செவிலித்தாய்க்கும் உத்தரவு இல்லை. பயிர் காய்கிறது. விரையே சிறுத்துப் போகிறது.

வெளியே சதை ஏறுகிறது. உள்ளே வயல் வறண்டு வெடிக்கிறது.

271 பேர் போட்டுக்கொண்ட ஊசி

இது வெறும் ஊகம் அல்ல. இதை வைத்து ஒரு பெரிய சோதனையே நடந்திருக்கிறது.

பெண்களுக்குக் கர்ப்பத்தடை மாத்திரை இருக்கிறது. ஆண்களுக்கும் கர்ப்பத்தடை ஊசி செய்தால் என்ன என்று உலக சுகாதார ஸ்தாபனம் யோசித்தது. என்ன ஊசி போட்டுப் பார்த்தார்கள் தெரியுமா? இதே ஆண் ஹார்மோன் ஊசி!

7 நாடுகளில் 271 ஆண்கள் சம்மதித்தார்கள். எல்லோரும் ஆரோக்கியமானவர்கள். வாரம் ஒரு முறை 200 மில்லிகிராம் ஊசி போட்டார்கள். 6 மாதத்துக்குள் 157 பேருக்கு விந்துவில் உயிரணு அடியோடு இல்லாமல் போய்விட்டது. அந்த 157 பேரும் வேறு எந்தக் கர்ப்பத்தடையும் இல்லாமல் ஒரு வருடம் மனைவியோடு வாழலாம் என்று ஏற்பாடு. அத்தனை தம்பதிகளிலும் கர்ப்பமானவர் ஒரே ஒருவர். முடிவு 1990-ம் ஆண்டில் வெளியாயிற்று.

அதாவது, விஞ்ஞானிகள் கர்ப்பத்தடைக்காகச் சோதித்த மருந்தை, பிள்ளை வேண்டும் என்று ஏங்குகிறவர் "ஆண்மைக்கு நல்லது" என்று நினைத்துக் காசு கொடுத்துப் போட்டுக்கொள்கிறார்!

இதைவிடப் பரிதாபம் ஒன்று உண்டு. உயிரணு குறைவாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அதைக் கூட்டுவதற்காகவே சிலர் இந்த ஊசியைப் போட்டுக்கொள்கிறார்கள். இருந்த கொஞ்சமும் போய்விடுகிறது. மனைவியோ மாதாமாதம் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

ஆண் ஹார்மோன் கெட்ட மருந்து என்று சொல்லவில்லை. உடம்பில் அது சுரக்காதவர்களுக்கு டாக்டர் பார்த்துக் கொடுக்கிறார். அவர்களுக்கு எலும்பும் சதையும் தேறுகின்றன. ஆனால் பிள்ளை வேண்டும் என்று இருப்பவர், அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

திரும்பி வருமா?

வரும். பெரும்பாலும் வரும்.

இம்மாதிரிச் சோதனைகளில் கலந்துகொண்ட 1,500க்கும் மேற்பட்ட ஆண்களின் கணக்கை 2006-ம் ஆண்டில் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரு மில்லிலிட்டர் விந்துவில் 2 கோடி உயிரணு என்ற அளவைத் திரும்பத் தொட எவ்வளவு காலம் ஆயிற்று என்று கணக்கிட்டார்கள். ஊசியை நிறுத்தி 6 மாதத்தில் 100க்கு 67 பேருக்குத் திரும்பிற்று. 1 வருடத்தில் 90 பேருக்கு. 2 வருடத்தில் எல்லோருக்கும்.

ஆனால் அவர்கள் அளவோடு போட்டுக்கொண்டவர்கள். டாக்டர்களின் கண்காணிப்பில் இருந்தவர்கள். ஜிம்மில் இரண்டு மூன்று மருந்துகளைக் கலந்து, வருடக்கணக்கில் போட்டுக்கொண்டவருக்கு இந்தக் கணக்கு பொருந்தும் என்று உறுதி கூற முடியாது. தாமதம் ஆகலாம். சிலருக்கு, தலையை எழுப்பிவிட வேறு மருந்து தேவைப்படும்.

மல்லிகை மணம் தெரியாதவர்

பயில்வானுக்கு நேர் எதிரான ஒருவரும் இருக்கிறார். அவருக்கு வயது 20 ஆகியும் மீசை முளைக்கவில்லை. குரல் உடையவில்லை. விரை சிறுபிள்ளைக்கு இருப்பதுபோல் இருக்கிறது.

டாக்டர் அவரிடம் ஒரு விசித்திரமான கேள்வி கேட்பார்: "உங்களுக்கு மல்லிகைப்பூ வாசனை தெரியுமா? காப்பி வாசனை?"

தெரியாது என்பார் அவர். பிறந்தது முதல் எந்த வாசனையும் தெரியாது.

மூக்குக்கும் மீசைக்கும் என்ன சம்பந்தம்?

உண்டு. தாய் வயிற்றில் கரு வளரும்போது, மூளையில் இருந்து உத்தரவு போட வேண்டிய அந்த மேலதிகாரி அணுக்கள், மூளையில் பிறப்பதில்லை. மூக்கில் பிறக்கின்றன! வாசனை நரம்பின் வழியே ஊர்ந்து மூளைக்குப் போய்ச் சேருகின்றன. இது 1989-ம் ஆண்டில் தெரிந்தது. வழியில் தடை ஏற்பட்டால் வாசனையும் தெரியாது, உத்தரவும் போகாது. 1944-ம் ஆண்டில் இதைப் பற்றி விவரமாக எழுதிய கால்மன் என்ற டாக்டரின் பெயரால் இந்நோய் அழைக்கப்படுகிறது. இது அபூர்வமான நோய்தான்.

இவருடைய விரையில் பெரும்பாலும் குறை இல்லை. உத்தரவுதான் இல்லை. ஆகவே, உத்தரவையே ஊசியாகப் போடுகிறார்கள். பிட்யூட்டரி அனுப்ப வேண்டிய இரண்டு ஹார்மோன்களையும் வாரத்தில் சில நாள் போட்டு வருகிறார்கள். பொறுமை வேண்டும். 6 மாதம் ஆகலாம், 2 வருடம்கூட ஆகலாம். ஆனால் பலருக்கு உயிரணு உண்டாகிறது. தகப்பனாகியிருக்கிறார்கள்.

இந்த மருந்து முதலில் எங்கிருந்து கிடைத்தது என்பது ஒரு கதை. மாதவிலக்கு நின்ற பெண்களின் சிறுநீரில் பிட்யூட்டரி ஹார்மோன்கள் நிறைய வெளியேறுகின்றன. இத்தாலியில் 1950-களில், வயது முதிர்ந்த கன்னியாஸ்திரீகள் தங்கியிருந்த மடங்களில் இருந்து சிறுநீரைச் சேகரித்து, அதிலிருந்து மருந்தைப் பிரித்தார்கள். பிள்ளையே பெறாத கன்னியாஸ்திரீகளின் தயவால் உலகத்தில் எத்தனையோ தொட்டில்கள் ஆடின! இப்போது இந்த ஹார்மோன்களைத் தொழிற்கூடத்தில், அணுக்களை வளர்த்தும் செய்கிறார்கள்.

தலை உத்தரவு போடும் முறையிலும் ஓர் ஒழுங்கு உண்டு. விடாமல் கத்திக்கொண்டிருக்கும் எஜமானரின் பேச்சை யாரும் கேட்பதில்லை. மேலதிகாரி ஹார்மோனும் விட்டு விட்டுத்தான் வருகிறது. ஆணுக்குச் சுமார் 2 மணிக்கு ஒரு தடவை. நோபில் என்ற விஞ்ஞானி இதைக் குரங்குகளிடம் சோதித்து 1978-ம் ஆண்டில் வெளியிட்டார். மணிக்கு ஒரு தடவை கொடுத்தால் பிட்யூட்டரி வேலை செய்தது. இடைவிடாமல் கொடுத்தால் வேலையை நிறுத்திவிட்டது! ஆண்களுக்கு வரும் பிராஸ்டேட் புற்றுநோயில், ஆண் ஹார்மோனை வற்றச் செய்வதற்கு டாக்டர்கள் இந்த உபாயத்தையே கையாளுகிறார்கள்.

தொந்தியும் ஒரு காரணம்

வேறு சில ஹார்மோன்களும் வம்பு செய்வது உண்டு.

பால் சுரக்கச் செய்யும் ஹார்மோன் ஆண்களுக்கும் கொஞ்சம் இருக்கிறது. பிட்யூட்டரியில் ஒரு சிறு கட்டி வந்தால் அது மிதமிஞ்சிச் சுரக்கும். உடனே விரைக்குப் போகும் உத்தரவு குறைந்துவிடும். ஆசையும் குறையும். சிலருக்குத் தலைவலி வரும். பக்கப் பார்வை மங்கும். பெரும்பாலும் இது மாத்திரையிலேயே வசமாகிவிடுகிறது.

தொந்தியையும் சொல்ல வேண்டும். கொழுப்பு சும்மா கிடப்பது இல்லை. அது ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றுகிறது! பெண் ஹார்மோனைப் பார்த்தும் தலை, "பானை நிறைந்துவிட்டது" என்று நினைத்துக்கொள்கிறது. உத்தரவு குறைகிறது. எடை குறைந்தால் ஆண் ஹார்மோன் ஏறுகிறது.

பெண் ஹார்மோன் சொடுக்கும் சாட்டை

பெண் ஹார்மோன் என்றவுடன், ஆணுக்கு அது எதிரி என்று எண்ண வேண்டாம். கடைசிக் கட்டத்தில் உயிரணுவுக்குக் கைகொடுப்பது ஒரு பெண் ஹார்மோன்தான்.

உயிரணு கருப்பைக்குள் போனவுடனே முட்டையைத் துளைத்துவிட முடியாது. பெண்ணின் உடலுக்குள் சில மணி நேரம் தங்கிப் பக்குவப்பட வேண்டும். 1951-ம் ஆண்டில் சாங் என்பவர் அமெரிக்காவிலும், ஆஸ்டின் என்பவர் ஆஸ்திரேலியாவிலும் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தார்கள்.

பிறகு, முட்டையைச் சுற்றியுள்ள அணுக்கள் புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோனைக் கசியவிடுகின்றன. உயிரணுவின் வாலில் சிறு சிறு கதவுகள் இருக்கின்றன. ஹார்மோன் பட்டவுடன் கதவு திறக்கிறது. சுண்ணாம்புச் சத்து உள்ளே பாய்கிறது. அதுவரை மெல்ல ஆடிக்கொண்டிருந்த வால், சாட்டையைச் சொடுக்கியதுபோல் அடிக்கத் தொடங்குகிறது. அந்த வேகத்தில்தான் முட்டையின் உறையை உயிரணு துளைக்கிறது. 2011-ம் ஆண்டில் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இரண்டு குழுவினர் இதை நிரூபித்தார்கள்.

அந்தக் கதவு பழுதாகப் பிறந்த ஆண்களும் உண்டு. அவர்களுக்கு உயிரணு எண்ணிக்கையில் குறை தெரியாமல் இருக்கலாம். ஆனாலும் பிள்ளை பிறப்பதில்லை.

பயில்வானுக்கு டாக்டர் சொல்வது

பயில்வானிடம் டாக்டர் முதலில் சொல்வது: "ஊசியை நிறுத்துங்கள்."

நிறுத்திய உடனே சிலருக்குச் சோர்வு வரும். மனம் வாடும். சதை கரையும். தலை இன்னும் விழிக்கவில்லை, ஊசியும் இல்லை. அந்தச் சில மாதங்கள் கஷ்டம்தான். பயந்து போய் மீண்டும் ஊசிக்கு ஓடுகிறவர்கள் இந்தச் சமயத்தில்தான் ஓடுகிறார்கள். டாக்டரின் மேற்பார்வையில் நிறுத்துவது அதனால்தான் நல்லது.

பிறகு ரத்தம் எடுப்பார்கள். ஆண் ஹார்மோனை மட்டும் பார்க்க மாட்டார்கள். பிட்யூட்டரியின் இரண்டு உத்தரவு ஹார்மோன்களையும் பார்ப்பார்கள். உத்தரவு குறைவாக இருந்தால் கோளாறு தலையில். உத்தரவு மிக அதிகமாக இருந்தும் உயிரணு இல்லை என்றால் கோளாறு விரையில். தலை கத்துகிறது, விரைக்குக் கேட்கவில்லை என்று பொருள். ஒரு சொட்டு ரத்தத்தில் இவ்வளவு தெரிந்துவிடுகிறது!

ஹார்மோன் கோளாறால் பிள்ளை இல்லாத ஆண்கள் மொத்தத்தில் சிலர்தான். நரம்புச் சுருள், குழாய் அடைப்பு, பிறவிக் குறை என்று வேறு பல காரணங்கள் உண்டு. காரணமே தெரியாதவர்களும் உண்டு. ஆனால் மருந்தால் குணமாகும் வாய்ப்பு நன்றாக உள்ளவர்கள் இந்த ஹார்மோன்காரர்களே. சோதிக்காவிட்டால் அது தெரியாது.

பிள்ளை இல்லாத வீடுகளில் ஏறக்குறைய பாதி வீடுகளில் ஆணிடமும் குறை இருக்கிறது. பெண்ணுக்குச் செய்யும் சோதனைகள் பல, சில வலி தருபவை, பணமும் செலவாகும். ஆணுக்கு முதலில் செய்ய வேண்டிய சோதனை ஒன்றே ஒன்று. வலி இல்லாதது. இருந்தும் பல வீடுகளில் மனைவியின் சோதனைகள் எல்லாம் முடிந்த பிறகே கணவர் வருகிறார்.

அந்தச் சோதனைக்கு 2 நாளுக்குக் குறையாமலும் 7 நாளுக்கு மேற்படாமலும் தம்பதி சேராமல் இருக்க வேண்டும். 1 மில்லிலிட்டரில் 1 கோடியே 60 லட்சம் உயிரணு என்பது, உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ம் ஆண்டில் வெளியிட்ட கீழ் எல்லை. அதற்குக் கொஞ்சம் குறைந்தால் பிள்ளையே பிறக்காது என்று அர்த்தம் இல்லை. ஒரே மனிதருக்கு ஒரு மாதம் ஏறும், ஒரு மாதம் இறங்கும். ஆகவே குறை தெரிந்தால் இன்னொரு முறையும் சோதிப்பார்கள்.

சோதனைச் சாலையிலேயே விந்து எடுத்துக் கொடுப்பது நல்லது. கூச்சமாக இருந்தால் வீட்டில் எடுக்கலாம். அங்கே கொடுக்கும் சுத்தமான பாட்டிலில்தான் எடுக்க வேண்டும். 1 மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஐஸில் வைக்கக் கூடாது. வெயிலில் காட்டக் கூடாது. சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டிலேயே கொண்டுபோக வேண்டும்.